ரிப் ஆஃப்: சன்னதித் தெரு நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025

கன்னியாகுமரியில் ஐயப்ப சீசன் கூட்டம். போதாக்குறைக்குக் கண்ணாடிப் பாலம் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தெருவில் கால் வைக்க இடமில்லை. மத்தியானம் மாமா கடையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சிப்பித் தோரணத்துக்கு விலை கேட்டார்கள். மாமா சொன்னதும் அந்த அம்மா வீட்டுக்காரரிடம் "வாட் எ ரிப்-ஆஃப்" என்று முனகிவிட்டு நடையைக் கட்டினார். "என்னமோ சொல்லிட்டுப் போறாவளே, என்ன மக்களே அது?" என்றார் மாமா. 'ரிப்' என்றால் கிழிப்பது என்று தெரியும். தோரணத்தில் கிழிக்க என்ன இருக்கிறது?

ஜனவரி 5

அகராதியில் பார்த்தாயிற்று. அநியாய விலை. நம் ஊர்ப் பேச்சில் பகல் கொள்ளை. மாமாவிடம் "விலை கூடுதல்னு சொன்னாவ" என்று பூசி மெழுகிவிட்டேன்.

ஜனவரி 8

கூட்டுக்காரி நாகர்கோவிலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறாள். போனில் பிடித்தேன். ஆட்டோக்காரர் கூடுதலாகப் பிடுங்கினால் 'ஹி ரிப்ட் மீ ஆஃப்'. ஏமாந்தவர் நடுவில்தான் நிற்க வேண்டும். 'ரிப்ட் ஆஃப் மீ' என்றால் தப்பு. 'மீ', 'ஹிம்' போன்ற சொற்களுக்குத்தான் இந்தக் கட்டாயம். 'த டூரிஸ்ட்' என்று ஆளைச் சொன்னால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். ஏமாற்றியவன் பேரே வேண்டாமா, 'ஐ காட் ரிப்ட் ஆஃப்' என்று புலம்பிக்கொள்ளலாம். பெயர்ச்சொல்லானால் அழுத்தம் 'ரிப்'பில் விழும், வினையானால் 'ஆஃப்'பில். இதையெல்லாம் பள்ளியில் யார் சொல்லித் தந்தார்கள்?

இன்னொன்றும் சொன்னாள்: இது கூட்டாளிகளோடு பேசுகிற பேச்சு. புகார் மனு எழுதினால் 'ஓவர்சார்ஜ்' என்றே எழுத வேண்டும்.

ஜனவரி 10

பக்கத்துக் கடையில் எங்கள் சங்கு விளக்கு மாதிரியே ஒன்று தொங்குகிறது. அதே மூன்றடுக்கு, அதே நீல பல்பு. அடுத்தவர் சரக்கை அப்படியே காப்பி அடிப்பதற்கும் இதே சொல்தானாம்: 'ஹி ரிப்ட் ஆஃப் அவர் டிசைன்'. எனக்கு இந்த அர்த்தம்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. மாமாவிடம் இரண்டு அர்த்தத்தையும் விளக்கினேன். முதலாவதைக் கேட்டு முகம் சுண்டிப்போனது. "நானா கொள்ளையடிக்கேன்? கடை வாடகைய அவ வந்து கெட்டுவாளா?"

ஜனவரி 12

டெல்லிக்காரக் குடும்பம். மாமா முந்திக்கொண்டு, "மேடம், நோ ரிப்-ஆஃப், பிக்ஸட் பிரைஸ்" என்றார். இலக்கணம் சரிதான். அந்த அம்மா சிரித்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்டார்.