கரிசக்காட்டுலயே போன வாசிப்பு வருஷம்

இந்த வருஷம் நான் படிச்சதுல முக்கால்வாசி கோவில்பட்டியச் சுத்தி இருக்குற கரிசக்காட்டு, அதாவது கறுப்பு மண்ணு பூமியோட, எழுத்தாளர்களோடது. பிளான்லாம் போடல. கு. அழகிரிசாமி சிறுகதைகள்ல ஆரம்பிச்சேன், அவரும் கி.ரா.வும் (கி. ராஜநாராயணன்) ஒரே ஊரு, இடைசெவல், பொறந்ததும் ஒரே வருஷம் 1923, அப்போ ரெண்டு பேரையும் சேத்துப் படிப்போமேன்னு கி.ரா.வ எடுத்தேன், அங்கேருந்து பூமணி, சோ. தர்மன்னு அது பாட்டுக்கு இழுத்துட்டுப் போயிடுச்சு.

'ராஜா வந்திருக்கிறார்' கதையும் 'கதவு' கதையும் அடுத்தடுத்து படிச்சுப் பாருங்க. முதல் கதைல தாயம்மா, தீபாவளிக்கு வாசல்ல வந்து நிக்கிற சிரங்கு புடிச்ச அனாதப் பையன தன் புள்ளைங்களோட சேத்து எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி, புருஷனுக்குன்னு வாங்கி வச்ச துண்ட அவனுக்குக் குடுக்குறா. ஒரு துண்டுதான், ஆனா அந்த வீட்ல ஒரு துண்டுன்னா என்னங்கறத அழகிரிசாமி அதுக்கு முன்னாடியே நமக்குப் புரிய வச்சிடுறாரு. கி.ரா. கதைல தீர்வை (நெல வரி) பாக்கிக்காக வீட்டுக் கதவையே கழட்டிட்டுப் போயிடுறாங்க, வீட்ல கைக்குழந்தை தங்கல, செத்துப் போயிடுது. அப்புறம் ஒருநாள் சாவடிப் பக்கம் கரையான் ஏறிக் கெடக்குற அந்தக் கதவ லட்சுமியும் அவ தம்பியும் பாத்துட்டு கட்டிப் புடிச்சுக்குறாங்க. எனக்கு அந்த எடத்துல புத்தகத்த மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டியதாப் போச்சு. ஒரே ஊரு வறுமைதான், ஒருத்தர் கதைல இல்லாதவங்க கிட்டயும் குடுக்க ஏதோ ஒண்ணு இருக்கு, இன்னொருத்தர் கதைல இருந்த ஒண்ணும் போகுது.

ஆனா இந்த வருஷம் என்னைய நெசமா ஆட்டி வச்சது பூமணியோட 'வெக்கை'தான். 1982ல வந்த நாவல். அண்ணனக் கொன்னவன வெட்டிட்டு ஓடுற பதினஞ்சு வயசுப் பையன் சிதம்பரம், அவனும் அவங்க அய்யாவும் ஒளிஞ்சு திரியிற சில நாள்தான் மொத்தக் கதையே. அதுல எனக்கு ரொம்பப் புடிச்சது அவங்க சோறு பொங்கித் திங்கிற பக்கங்கள். எங்க தண்ணி கெடைக்கும், எந்த மறைவுல தீ மூட்டலாம், பையன் பசி தாங்குவானான்னு அந்த மனுஷன் யோசிச்சுக்கிட்டே இருக்காரு. அத்தன பயத்துலயும் அப்பனும் மகனும் நெருங்கி வர்றது அந்தச் சோத்துப் பானை பக்கத்துலதான். 2019ல இந்த நாவல வச்சு எடுத்த 'அசுரன்' பாத்தவங்க படம் பாத்தாச்சேன்னு விட்டுடாதீங்க, நாவல் வேற அனுபவம். அதே கரிசல்தான், ஆனா கி.ரா. கதைல வர்ற சம்சாரிக்கு (விவசாயிக்கு) மழை எப்ப வரும்னு கவல, இங்க சிதம்பரம் வீட்டுக்கு இருக்குற துண்டு நெலத்தக் காப்பாத்துறதே உயிர்ப் பிரச்சன. ஒருத்தர மட்டும் படிச்சா அந்த மண்ணுல பாதிதான் தெரியும்னு நான் இப்ப உறுதியா நம்புறேன்.

அப்புறம் பூமணியோடதே 'அஞ்ஞாடி', ஆயிரம் பக்கத்துக்கு மேல, கோடை பூரா அதுலயே போச்சு. 1895 கழுகுமலை கலவரம், 1899 சிவகாசி கலவரம்லாம் உள்ள வருது, ஆனா எனக்கு மனசுல நிக்கிறது ஆண்டியும் மாரியும் சின்ன வயசுலேருந்து சேந்து சுத்துறதுதான், அந்த சிநேகத்துக்காகவே இன்னொரு தடவ படிப்பேன்.

சோ. தர்மனோட 'சூல்' கடைசியா. உருளைக்குடி ஊரு கண்மாய்தான் (ஏரிதான்) அதுல கதாநாயகன்னு சொல்லணும். கண்மாயத் தூர்வாரி அந்தக் கரம்பை மண்ண (அடியில படிஞ்ச வண்டல) வண்டி வண்டியா காட்டுக்கு அடிக்கிறது, தண்ணிய முறை வச்சுப் பாய்ச்ச நீர்ப்பாய்ச்சின்னு ஒரு ஆளு, இதெல்லாம் ஊரே சேந்து பாத்துக்கிட்ட காலம். 2019ல சாகித்ய அகாடமி குடுத்தாங்க, ஆனா இந்தக் கண்மாய் விஷயத்துக்காக இத இன்னும் நெறைய பேர் படிக்கணும், முக்கியமா ஊர்ல நெலம் வச்சிருக்கவங்க.

தர்மனோட 'கூகை' வாங்கி வச்சிருக்கேன், பொங்கல் லீவுல ஆரம்பிக்கணும். கரிசல் எழுத்து பக்கமே வராதவங்க 'வெக்கை'ல ஆரம்பிங்க, சின்ன நாவல்தான், பேச்சுவழக்கு முதல் இருபது பக்கத்துல பழகிடும்.