ஏமான் வீட்டு ஓலையில் அடிமைக் குடும்பத்தைத் தேடுவது

அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் வேரைத் தேடும் முறை இப்போது நம்மூரிலும் பலருக்குத் தெரியும். 1870 சென்சஸில் இருந்து பின்னோக்கிப் போவார்கள். விடுதலையான மக்கள் எல்லாருமே பெயரோடு பதிவானது அந்தக் கணக்கெடுப்பில்தான். அதற்கு முந்தைய 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். அந்த வயதுகளை முதலாளியின் உயிலோடும், அவர் செத்தபின் எடுத்த சொத்துக் கணக்கோடும் ஒட்டிப் பார்த்துத்தான் பெயரைப் பிடிக்கிறார்கள்.

பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த, இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள தோவாளையிலோ கல்குளத்திலோ இதை அப்படியே செய்யக் கிளம்பினால் முதல் வாரத்திலேயே முட்டிக்கொண்டு நிற்போம். இங்கே உயில் என்ற பழக்கமே மிகக் குறைவு. சென்சஸில் தனி ஆள் பெயர் கைக்குக் கிடைக்காது. ஆனால் அமெரிக்கத் தாள்களில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. ஆளை விற்ற ஓலையிலும் ஒற்றி (அடமானம்) வைத்த ஓலையிலும் அந்த ஆளின் பெயர் இருக்கும். அதனால் தேட வேண்டியது அடிமையின் வம்சாவளியை விட, அந்த ஆள் வேலை செய்த வயலையும் அந்த வயலுக்கு உடைமைக்கார வீட்டையும்தான் (அந்த முதலாளியைத்தான் ஏமான் என்பார்கள்). வயல் கைமாறும்போது ஆளும் சேர்ந்தே கைமாறினார்.

எந்தத் தாளை எந்த ஆண்டுக்குள் தேடுவது என்பதற்குச் சில தேதிகள் கையில் இருக்க வேண்டும். திருவிதாங்கூரில் ராணி கௌரி லட்சுமிபாய் 1812இல் ஆள் விற்பனையைத் தடுத்தார். நிலத்தோடு ஒட்டிய அடிமைகள் அந்தத் தடைக்குள் வரவில்லை. 1853இல் சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகள் விடுதலை. 1855 ஜூன் 24இல் (மலையாளக் கொல்லம் ஆண்டு 1030, மிதுனம்) முழு ஒழிப்பு. பாலக்காடு, சித்தூர்ப் பக்கம் தேடுபவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பாலக்காடு கம்பெனி ஆட்சியின் மலபாரில் இருந்தது. அங்கே அடிமை உரிமையைச் சட்டம் ஏற்காது என்ற 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம். சித்தூர் கொச்சி அரசின் கீழ். இரண்டு மைல் தள்ளிப் போனால் ஆவணக் காப்பகமே மாறிவிடும்.

ஆரம்பிக்க வேண்டிய இடம் வீட்டுத் திண்ணை. பெரியவர்களிடம் "நம்ம பூட்டனார் பேரு என்ன?" என்று கேட்டால் மூன்று தலைமுறையில் நின்றுவிடும். "எந்த ஏமான் வீட்டு வயலு?", "அந்த ஏலாவுக்குப் பேரு என்ன?", "கொடைக்கு எந்த ஊருக்குப் போவோம்?" என்று கேளுங்கள். ஏலா என்றால் வயல்வெளி, கொடை என்றால் ஊர்ச் சாமிக்கு எடுக்கும் திருவிழா. குடும்பம் இப்போது இருக்கும் ஊர் ஒன்று, கொடைக்குப் போகும் சுடலைமாடனோ இசக்கியோ இருக்கும் ஊர் இன்னொன்று என்றால், இரண்டாவது ஊர் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆளை விற்றபோது குடும்பம் நகர்ந்திருக்கும், சாமி நகர்ந்திருக்காது. வேதத்தில் சேர்ந்த (கிறிஸ்தவரான) குடும்பங்களிலும் பாட்டிமார் அந்த ஊர்ப் பெயரை மறப்பதில்லை.

வேதத்தில் சேர்ந்தவர்களுக்கு அடுத்தது சபைப் பதிவேடு. மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் வந்து தொடங்கிய லண்டன் மிஷன், பிறகு நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை என்று பரவியது. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று தனித்தனிப் புத்தகங்கள். ஞானஸ்நானப் பதிவில் பிள்ளைக்கு ஏசடியான் என்றோ மரியாள் என்றோ புதுப் பெயர் இருக்கும். தகப்பன் பெயர் என்ற இடத்தில் மட்டும் பழைய பெயர் தங்கியிருக்கும். அந்தப் பழைய பெயரைத்தான் ஓலைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். போர்டிங் பள்ளியில் படித்த பெண் என்றால் இன்னொரு குழப்பம்: பணம் அனுப்பிய வெள்ளைக்காரச் சீமாட்டியின் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மால்ட் அம்மாள் 1820களில் தொடங்கிய லேஸ் வேலையில் கிடைத்த கூலியைக் கொண்டு தங்களை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் உண்டு. அதனால் அந்தப் பள்ளிக் கணக்குகளும் மிஷன் கடிதங்களும் பார்க்கத் தகுந்தவை. கடிதங்கள் லண்டனில் சோயாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

இனி ஓலை. பொறுமை வேண்டிய இடம் இது. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தின் ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அதில் அடிமை ஆவணங்களும் உண்டு. அதைப் போன்ற கட்டுகள் இன்னும் பல வீட்டு மச்சுகளில் கிடக்கும். கேட்கும்போது "அடிமை ஓலை இருக்கா?" என்று கேட்டால் கதவு சாத்திவிடும், அதில் ஆச்சரியமும் இல்லை. "பழைய நெலத்து ஓலை" என்று கேளுங்கள். பொய்யும் இல்லை, நிலத்து ஓலைகளுக்கு நடுவில்தான் ஆள் ஓலையும் கட்டப்பட்டிருக்கும்.

விலை ஓலையின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலவே வரும். முதலில் கொல்லம் ஆண்டு, மாதம், தேதி. பிறகு விற்பவர் ஊரும் வீடும், வாங்குபவர் ஊரும் வீடும். நடுவில் ஆளின் பெயர், விலைப் பணம், "விலைப்பிரமாணம்" என்ற சொல், சந்திராதித்தவரை (சந்திரனும் சூரியனும் உள்ளவரை) என்ற வாய்பாடு. கடைசியில் "இப்படி அறிவேன்" என்று சாட்சிகள், எழுதினவர் கையெழுத்து. எல்லாரும் ஆளின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். சாட்சி பெயர்களை விடாதீர்கள். சாட்சிகள் பக்கத்து வயல்காரர்கள்; ஏலாவின் பெயர் ஓலையில் இல்லாவிட்டாலும் சாட்சிகளை வைத்து இடத்தைப் பிடிக்கலாம்.

ஆண்டை எப்படி வாசிப்பது? ௲௰௨ என்று இருந்தால் ஆயிரம், பத்து, இரண்டு: 1012. ௯௱௮௰௭ என்றால் 987. ஆவணி முதல் மார்கழி நடு வரை 824ஐக் கூட்டுங்கள், அதற்குப் பிறகு ஆடி முடிய 825. 1012 ஆவணி என்றால் 1836 ஆகஸ்ட். வடமலபாரில் ஆண்டு கன்னியில் (புரட்டாசியில்) பிறக்கும். அங்கத்து ஓலையில் ஆவணி மாதத்துக்கு மட்டும் 825ஐக் கூட்ட வேண்டும்.

எழுத்தில்தான் பெயர்கள் சாகின்றன. ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். துணைக்காலும் ரகரமும் ஒரே கோடு. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் இல்லை. சாத்தன் என்ற பெயர் 'சாததன' என்று கிடக்கும், அவசரக்காரர் 'சரததன' என்று வாசித்துவிட்டு இது என்ன பெயர் என்று விழிப்பார். கடைசி எழுத்து உடைந்திருந்தால் சாத்தனா சாத்தியா என்று சொல்லவே முடியாது. ஆண் பெண் மாறினால் அந்தக் கிளையே தவறு. அந்த இடத்தில் ஊகிக்காமல் 'சாத்…' என்று புள்ளி போட்டு விடுங்கள். தெற்கே போகப் போக மலையாண்மை எழுத்தும் கலந்து வரும். அதற்கு வட்டெழுத்து தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் தொடக் கூடாது. 'வெள்ளாட்டி' என்று கண்டால் வெள்ளாளப் பெண் என்று எழுதிவிடாதீர்கள். வீட்டு வேலைக்கான அடிமைப் பெண்ணைக் குறிக்கும் சொல் அது.

கண்ணில் படுவதற்காக விளக்குக்கரியும் எண்ணெயும் தடவுவது பழைய வழக்கம். மொறுமொறுவென்று ஆகிவிட்ட ஓலையில் அதைச் செய்தால் துணி பட்ட இடத்தில் தூளாகும். அடுத்தவர் வீட்டு ஓலையில் கரி பூசவே வேண்டாம். ஜன்னல் பக்கம் தட்டையாக வைத்து, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி போட்டோ எடுத்தால் கீறலின் நிழலே எழுத்தைக் காட்டும். வெளிச்சத்தை இடமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று இரண்டு படம். ஓலைக்கு இரு பக்கமும், கூடவே ஓர் அளவுகோலும். கட்டை அவிழ்க்கும் முன் கட்டியிருந்த வரிசையையும் ஒரு படம் எடுங்கள். ஒரே கட்டில் அடுத்தடுத்து இருப்பவை ஒரே நிலத்தைப் பற்றியவையாக இருக்கலாம்.

அதிகம் தவறு நடப்பது ஒற்றியில். நீலி என்ற பெண் ஒரு வருஷம் ஒரு வீட்டுக் கட்டிலும், மூன்று வருஷம் கழித்து இன்னொரு வீட்டுக் கட்டிலும், பிறகு திரும்ப முதல் வீட்டிலும் வருவாள். மூன்று நீலிகள் என்று எழுதிவிட்டால் போயிற்று. முதலாளி பணத்துக்கு முடைப்பட்டபோது அவளை ஒற்றி வைத்து, பணம் கட்டி மீட்டிருக்கிறார். விலையா ஒற்றியா பாட்டமா (குத்தகையா) என்பதை ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் குறிப்பது கட்டாயம். பணத்தொகையை ரூபாயாக்கிப் பார்க்க வேண்டாம். கலியுகராமன் பணம், அனந்தராயன் பணம், சக்கரம் என்று காலத்துக்குக் காலம் நாணயம் மாறியது. ஓலையில் உள்ளபடியே எழுதுங்கள்.

கணவனும் மனைவியும் ஒரே ஏமானுக்கு உரியவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் தாயின் உடைமைக்காரருக்குப் போனார்கள்; பங்கு போட்டுக்கொண்ட வழக்கமும் சில இடங்களில் உண்டு. ஆகவே தாய்வழியாகத் தேடுவதே லாபம். தகப்பன் ஓலை வேறொரு வீட்டில் இருக்கலாம்.

அமெரிக்காவில் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த அடிமை மருமகனின் குடும்பப் பெயருக்குள் மறைந்துபோவார். இங்கே மருமக்கள்வழி வீடுகளில் சொத்து சகோதரி மகனுக்குப் போனது. வீட்டுப்பெயர் மாறாது, அந்த மட்டில் நமக்கு வசதி. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடுகளில் மட்டும் ஒரு ஓட்டை: மனைவி மக்களுக்குத் தனியாகப் பிரித்துக் கொடுத்த உகந்துடைமை. பிரதான வீட்டுக் கட்டில் ஒரு குடும்பம் திடீரென்று காணாமல் போனால், உகந்துடைமை ஓலையில் தேடிப் பாருங்கள். இங்கே உயிலுக்குச் சமானம் என்று சொல்லத்தக்க தாள் அதுதான்.

சென்சஸைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 1836 கணக்கில் திருவிதாங்கூரில் 12,80,668 பேர், அதில் அடிமைகள் 1,64,864. 1875 கணக்கெடுப்பில் தாலுகா வாரியாகச் சாதித் தொகை கிடைக்கும். வீடு வீடாக எழுதிய தாளைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1948 சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனி ஆள் விவரத்தைத் திறப்பதில்லை. தொகை அட்டவணை ஒன்றுக்கு உதவும்: நீங்கள் கண்டுபிடித்த ஊரில் அந்தச் சாதி ஆட்கள் அந்தக் காலத்தில் இருந்தார்களா என்று சரிபார்க்க. பறையர் சாம்பவர் என்றும் புலையர் சேரமர் என்றும் பிற்காலத்தில் பதிவாகியிருப்பார்கள், தேடும்போது இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தின் கைமாற்றத்துக்குக் கண்டெழுத்துகள் (சர்க்கார் எடுத்த நிலக் கணக்குகள்) உண்டு: கொல்லம் 914, 948, 978, 993, 1012. இவற்றில் அடிமை பெயர் வராது, உடைமைக்காரர் வருவார். ஏலாப் பெயரையும் தடியையும் (வயல் துண்டையும்) பிடித்து 1012இலிருந்து 948 வரை ஏறினால், எந்த வீட்டு ஓலைக் கட்டைக் கேட்பது என்பது தெரிந்துவிடும். இதெல்லாம் திருவனந்தபுரத்துக் காப்பகத்தில். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்தபோது பழைய கட்டு அங்கேயே நின்றது. நாகர்கோவில் ஆபீஸ்களில் ஓலை கேட்டு அலைந்து ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம்.

ஓலையிலிருந்து ஆள் ஒரேயடியாக மறைந்தால் கடலையும் நினைக்க வேண்டும். 1811-12இல் வடமலபாரில் மாஜிஸ்திரேட் பேபர், அஞ்சரக்கண்டி லவங்கப்பட்டைத் தோட்டத்தில் திருவிதாங்கூரிலிருந்து திருடிக் கொண்டுவரப்பட்டவர்களைக் கண்டார். அதற்கு முன் டச்சுக்காரர் காலத்தில் கொச்சியிலிருந்து கேப்டவுனுக்குக் கப்பல் போனது. கொச்சியின் டச்சு ஆவணங்கள் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆள் கைமாறிய பத்திரங்களும் அதில் உண்டு. கேப்டவுனில் இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்களில் 'மலபாரின்', 'கொச்சியின்' என்று ஒட்டுப் போட்ட அடிமைப் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒட்டு கப்பலேறிய துறைமுகமாக இருக்கலாம், பிறந்த ஊர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முன்பெயரும் முதலாளி வைத்தது. செப்டம்பர், பெப்ருவரி என்று மாதப் பெயர்களே ஆள் பெயராக வரும். அங்கே பெயரை வைத்துத் தேடாமல், வயதையும் விற்ற தேதியையும் வைத்தே பொருத்திப் பாருங்கள்.