கடலை வைத்தே அணி படிக்கலாம்

தமிழ்த் தேர்வுக்கு, பாட்டுக்கு அழகு சேர்க்கும் உத்திகளைச் சொல்லும் அணி இலக்கணம் படிக்கும் பிள்ளைகள் பலர் முதலில் கைடைத் திறந்து, அணியின் பெயரையும் விளக்கத்தையும் வரி பிசகாமல் மனப்பாடம் செய்கிறார்கள். பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். என் அக்கா மகளும் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தாள். நான் தலைகீழாகச் செய்யச் சொன்னேன்: பாட்டை முதலில் படி, கவிஞர் என்ன செய்திருக்கிறார் என்று பார், பெயர் கடைசியில் வரட்டும்.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாரதி 1908 முதல் 1918 வரை இங்கேதான் இருந்தார், குயில் பாட்டு நம் ஊர்க் கடலில்தான் தொடங்குகிறது.

காலை இளம்பரிதி வீசும் கதிர்களிலே
நீலக் கடலோர் நெருப்பெதிரே சேர்மணிபோல்
மோகனமாஞ் சோதி பொருந்தி முறைதவறா
வேகத் திரைகளினால் வேதப் பொருள்பாடி
வந்து தழுவும் வளஞ்சார் கரையுடைய
செந்தமிழ்த் தென்புதுவை யென்னும் திருநகரின்

விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் நின்றால் இது அப்படியே கண்ணுக்குத் தெரியும். கதிர் பட்ட நீலக் கடல் உவமேயம் (ஒப்பிடப்படும் பொருள்), நெருப்புக்கு எதிரே வைத்த மணி உவமை, 'போல்' உவம உருபு (ஒப்பிடும் சொல்), ஒளிர்வது பொதுத்தன்மை. உவமையணி முடிந்தது. மோகன, வேக என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை, 'வந்து', 'வளஞ்சார்' என்று முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. வாய்விட்டுப் படித்தால் காதே பிடித்துக் கொடுத்துவிடும்.

அடுத்தது அலை. அலை இரைவது இயற்கை, அது வேதப் பொருள் பாடுகிறது என்பது பாரதி தன் மனக்குறிப்பை அதன்மேல் ஏற்றிச் சொல்வது. தற்குறிப்பேற்றம் இவ்வளவுதான். சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் காற்றில் ஆடும் கொடிகள், 'வாரல் என்பனபோல்' கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாம் என்று கைகாட்டுவதும் இதே அணி. அங்கே 'போல்' இருக்கிறதே என்று உவமையணி என எழுதிவிடாதீர்கள். இரண்டு பொருள்களை ஒப்பிடுகிறாரா, இயல்பாக நடப்பதற்குத் தானாக ஒரு காரணம் சொல்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், குழப்பம் தீரும்.

கடலை விடாமல் உருவகத்துக்கும் போகலாம். 'வையம் தகளியா வார்கடலே நெய்யாக, வெய்ய கதிரோன் விளக்காக' என்கிறார் பொய்கையாழ்வார். உலகம் அகல், கடல் நெய், சூரியன் சுடர். போல, அன்ன எதுவுமே கிடையாது, இதுதான் அது என்று ஒன்றாக்கிவிட்டார். இத்தனை பெரிய விளக்கை ஏற்றத் துணிந்த ஒருவரை இரண்டு மதிப்பெண்ணுக்காக மட்டும் படிப்பது எனக்கு மனசு ஆறவில்லை.

அப்புறம் பத்தாவது குறள், 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்'. பிறவியைக் கடலாக உருவகம் செய்த வள்ளுவர், இறைவன் அடியைத் தெப்பமாக உருவகம் செய்யாமல் விட்டுவிட்டார். இங்கேதான் அக்கா மகள் கேட்டாள், "சித்தி, தெப்பம்னு பாட்டுல எங்கேயுமே வரலையே, நான் எப்படி எழுதறது?" அது வராததைத்தான் எழுத வேண்டும் என்றேன். ஒன்றை உருவகம் செய்து, அதோடு தொடர்புடைய மற்றொன்றைச் செய்யாமல் விடுவதுதான் ஏகதேச உருவக அணி.



விடைத்தாளில் விளக்கத்தை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். பாட்டில் எந்தச் சொல் எதுவாக வந்திருக்கிறது என்ற அணிப்பொருத்தத்தைக் கட்டாயம் எழுதுங்கள். விளக்கம் வார்த்தைக்கு வார்த்தை நினைவுக்கு வராவிட்டாலும், பொருத்தம் தெரிந்திருந்தால் அதிலிருந்தே விளக்கத்தைச் சொந்தமாக எழுதிவிடலாம்.