காளானைப் பறிக்காதீர்கள், தோண்டி எடுங்கள்

"இது என்ன காளான்?" என்று கேட்டு வரும் படங்களில் பெரும்பாலானவை மேலிருந்து எடுத்த குடையின் படங்கள். அதை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது. காளானில் எதுவெல்லாம் எளிதில் மாறுமோ அதெல்லாம் குடையின் மேல்புறத்தில்தான் இருக்கிறது. காலையில் முட்டை போல நின்றது மாலையில் விரிந்த குடை, மறுநாள் தட்டு. நல்ல மழை பெய்தால் மேலே ஒட்டியிருந்த செதில்கள் கழுவிப் போய்விடும். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். சில இனங்கள் ஈரமாக இருக்கும்போது கரும்பழுப்பாகவும், காயக் காய நடுவிலிருந்து வெளிறியும் தெரியும். ஒரே காளானை இரண்டு வேளையில் படம் எடுத்தால் இரண்டு இனம் என்றே நினைப்பீர்கள்.

அதனால் பார்வையைக் கீழிருந்து தொடங்குங்கள். தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் கத்தியை மண்ணில் செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் தளர்த்தி, மண்ணோடு சேர்த்து நெம்பி எடுக்க வேண்டும். பிறகு விரலால் மண்ணை மெதுவாக உதிர்த்துவிட்டு அடித்தண்டைப் பாருங்கள். வெங்காயம் போலப் பருத்திருக்கிறதா, கூராக முடிகிறதா, கிழிந்த பை ஒன்று தண்டைச் சுற்றி நிற்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அந்தப் பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அமானிட்டா பேரினத்தின் இளங்காளான் முழுவதும் ஒரு சவ்வுக்குள் இருக்கும். வளரும்போது அந்தச் சவ்வு கிழிகிறது. மேல் துண்டுகள் குடையின் மேல் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளலாம். மழையில் அவை போய்விடும். செவுள்களை, அதாவது குடையின் அடியில் உள்ள மெல்லிய மடிப்புகளை, மூடியிருந்த இன்னொரு சவ்வு தண்டில் வளையமாகத் தொங்கும்; அதுவும் உதிரக்கூடியது. கடைசிவரை நிலைப்பது அடியில் தங்கிய கிழிந்த பைதான், அதுவும் பெரும்பாலும் மண்ணுக்குள். தண்டைத் தரைமட்டத்தில் வெட்டி எடுத்தால் பை மண்ணிலேயே நின்றுவிடும். கையில் வருவது வெறும் வெளிறிய குடையும் தண்டும். டெத் கேப் எனப்படும் கொடிய நச்சுக் காளான் அமானிட்டா ஃபல்லாய்டிஸ், சாதாரணக் காளான் என்று கூடைக்குள் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பை இருந்தாலே அமானிட்டா என்றும் முடிவு கட்டக்கூடாது. வைக்கோல் காளானுக்கும் அடியில் பை உண்டு. ஆனால் அதற்கு வளையம் கிடையாது, வித்துத்தூள் (விதை போலக் குடையின் அடியிலிருந்து உதிரும் தூள்) இளஞ்சிவப்பு. அமானிட்டாவின் தூள் வெள்ளை. முட்டைப் பருவத்தில் இந்த வேறுபாடுகள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வைக்கோல் காளானை நன்கு அறிந்தவர்கள், டெத் கேப் முளைக்கும் நாடுகளுக்குக் குடிபெயர்ந்தபின் அதை வைக்கோல் காளான் என்று எண்ணிச் சாப்பிட்டு இறந்திருக்கிறார்கள். பழகிய கண் புது நிலத்தில் ஏமாறும். முட்டைப் பருவத்துக் காளானை எந்தக் காரணத்துக்காகவும் உணவுக்கு எடுக்காதீர்கள்.

தோண்டுவதில் இன்னொரு பயன், வேர் போன்ற நீட்சி. கறையான் புற்றுக் காளானைப் பிடித்து இழுத்தால் தண்டு பாதியில் அறுந்துவிடும். பொறுமையாகத் தோண்டினால், புற்றுக்குள் கறையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் வரைக்கும் அந்த நீட்சி இறங்கியிருப்பது தெரியும். மண்ணில் முளைத்தது போலத் தெரிவது சில சமயம் புதைந்த மரத்துண்டிலிருந்து வந்திருக்கும். அதையும் தோண்டினால்தான் அறிய முடியும். மண்ணா, மரமா, சாணமா, இலைச்சருகா என்பதை அங்கேயே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். அருகிலுள்ள மரங்களின் பெயரும் வேண்டும். பல காளான்கள் குறிப்பிட்ட மரங்களின் வேரோடு உறவு வைத்தே வாழ்கின்றன. மரம் தெரிந்தால் தேட வேண்டிய பட்டியல் பாதியாகக் குறையும்.

அடுத்தது குடையின் அடிப்பக்கம். அங்கே விசிறி மடிப்பு போன்ற செவுள்கள் இருக்கலாம், சல்லடைத் துளைகள் இருக்கலாம், சிறு முட்கள் தொங்கலாம். செவுள் என்றால், காளானை மேலிருந்து கீழாக நேர்பாதியாக வெட்டிப் பாருங்கள். செவுள் தண்டைத் தொடாமல் நிற்கிறதா, நேராக ஒட்டியிருக்கிறதா, தண்டருகே ஒரு வெட்டு விழுந்தது போல வளைந்து ஒட்டுகிறதா, தண்டின்மேல் வழிந்து இறங்குகிறதா? மேலிருந்து எட்டிப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஷாந்தரெல் காளானில் இருப்பவை செவுள்களே அல்ல, சதையிலேயே எழுந்த கிளைவிட்ட மடிப்புகள். நகத்தால் தனியாகப் பிரிக்க வராது. அதன் ஆரஞ்சு நிறத்தையே கொண்ட நச்சுக் காளான் ஆம்ஃபலோட்டஸ். அதில் கத்தி போல மெல்லிய உண்மைச் செவுள்கள் இருக்கும், மரத்திலோ புதைந்த வேரிலோ கொத்தாக முளைக்கும்.

வெட்டிய முகத்தை உடனே மூடிவிடாமல் ஐந்து நிமிடம் கவனியுங்கள். லாக்டேரியஸ் என்றால் பால் கசியும். ருசுலாவின் தண்டு நாராகக் கிழியாமல் சுண்ணக்கட்டி போலப் பட்டென்று முறியும், ஏனென்றால் அதன் சதையில் உருண்டைச் செல்கள் கூட்டமாக இருக்கின்றன. அகாரிகஸ் சாந்தோடெர்மஸின் அடித்தண்டை வெட்டிய நொடியில் பளீரென்ற மஞ்சள் ஏறும், பினாயில் போன்ற நெடி வரும். அது வயிற்றைக் கெடுக்கும் இனம். துளைக் காளான்கள் சில நீலமாக மாறுவது காற்றுப் பட்டு நடக்கும் வேதிமாற்றம். நீலம் வந்தால் நஞ்சு, வராவிட்டால் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உருண்டையான பஃப்பால் வகைகளையும் இப்படித்தான் நேர்பாதியாக வெட்ட வேண்டும். உள்ளே ரொட்டியின் நடுப்பகுதி போல ஒரே சீரான வெள்ளை இருந்தால் இளம் பஃப்பாலாக இருக்கலாம். குடை, தண்டின் நிழலுருவம் தெரிந்தால் அது அமானிட்டாவின் முட்டையாக இருக்கலாம். தடித்த தோலும் உள்ளே கருஊதாவும் என்றால் ஸ்க்ளெரோடெர்மா, அதுவும் நஞ்சு.

இனி வித்துப்பதிவு. பெயர் தேடுவதில் இதைவிட மலிவான, உறுதியான கருவி இல்லை. ஆனாலும் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். தண்டைக் குடையோடு ஒட்ட வெட்டிவிட்டு, செவுள் கீழே இருக்குமாறு குடையை வையுங்கள். அடியில் பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாள். அல்லது கண்ணாடித் துண்டு. வெள்ளைத் தாளில் வெள்ளைத் தூள் விழுந்தால் ஒன்றுமே விழவில்லை என்று நினைப்பீர்கள், அதற்காகத்தான் கறுப்பு. குடையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கிண்ணத்தால் கவிழ்த்து மூடுங்கள். 4 முதல் 12 மணி நேரம். மூடாமல் விட்டால் காற்று தூளை அடித்துக்கொண்டு போகும், குடையும் காய்ந்துவிடும். தூள் விழவில்லை என்றால் காளான் மிக இளசு, அல்லது வற்றிப்போனது.

மறுநாள் குடையைத் தூக்கினால் செவுள்களின் கோடுகள் ஒவ்வொன்றும் தூளாகப் பதிந்திருக்கும். மெல்லிய படலத்தைப் பார்த்து நிறம் சொல்லிவிடாதீர்கள். பிளேடால் சுரண்டிக் குவித்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அகாரிகஸ் சாக்லேட் பழுப்பு, கார்ட்டினேரியஸ் துருப் பழுப்பு, என்டலோமா இளஞ்சிவப்பு. புல்வெளியில் வளையமாக முளைக்கும் குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ் மங்கிய பச்சை. இந்தக் கடைசிக் காளானின் செவுள்கள் இளமையில் வெள்ளையாகவே இருக்கும், முதிர்ந்த பிறகுதான் பச்சை தட்டும். அதனாலேயே சமையலறை வரை போய்விடுகிறது. சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஒரு இரவு தாளில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

பழைய சோதனைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இன்னும் நம்பப்படுகின்றன. வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு என்பது பொய். வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகச் சேர்மங்கள், டெத் கேப்பின் நஞ்சான அமாடாக்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நத்தை தின்றதை மனிதன் தின்னலாம் என்பதும் பொய்; நத்தைகள் டெத் கேப்பையே தின்கின்றன. மரத்தில் முளைப்பது நல்லது என்பவர்களுக்கு கேலரினா மார்ஜினேட்டா பதில்: மரத்தில் வளரும், டெத் கேப்பின் நஞ்சையே வைத்திருக்கும். சமைத்தாலும் காயவைத்தாலும் அமாடாக்சின் அழியாது. நாக்கும் காப்பாற்றாது, தின்று பிழைத்தவர்கள் டெத் கேப் சுவையாக இருந்ததாகவே சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நஞ்சின் கொடுமை அது எடுத்துக்கொள்ளும் நேரம். 6 மணி முதல் 24 மணி வரை எதுவும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அடுத்து ஒரு நாள் குணமானது போலத் தெரியும், அதே சமயத்தில் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். கார்ட்டினேரியஸ் சிலவற்றில் உள்ள ஒரெல்லனைன் என்ற நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கும். அறிகுறி தெரியவே பல நாட்கள், சில சமயம் இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகும். சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், சாப்பிட்ட எல்லோரும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மீதிக் காளான், சமைத்த மிச்சம், வெட்டிப் போட்ட அடித்தண்டு எதையும் எறியாமல் கொண்டுபோங்கள்.

களத்தில் ஒவ்வொரு இனத்தையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பாலிதீனில் வியர்த்து, வீடு வருவதற்குள் கூழாகிவிடும். படம் எடுப்பதென்றால் மேல், பக்கவாட்டு, செவுள், அடித்தண்டு, வெட்டுமுகம், சுற்றுப்புறம் என்று ஆறும் வேண்டும், அருகில் ஒரு அளவுகோலோடு. செல்போன் செயலி சொல்லும் பெயரைத் தேடலின் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். அடித்தண்டும் தூளும் அதற்குத் தெரியாது, சாப்பிட அதை நம்பவே கூடாது.

என் பரிந்துரை, முதல் மழைப்பருவத்தில் அமானிட்டாவை மட்டும் படியுங்கள். எதையும் சாப்பிட வேண்டாம். முட்டை முதல் அழுகல் வரை ஒரே இடத்தில் தொடர்ந்து பாருங்கள். பெயர் கிடைக்காதவற்றுக்கும் இடம், மரம், தேதி எழுதி, வித்துப்பதிவைத் தாளோடு மடித்து வையுங்கள். மண்ணுக்கடியில் உள்ள பூஞ்சை இழை பெரும்பாலும் அங்கேயே உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்குப் பிறகு அதே மரத்தடியில் மறுபடி முளைத்தால், இந்த முறை விட்டுப்போன பருவத்தை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.