தக்கலையில் இறங்கினோம்

அம்மாவோடு கன்னியாகுமரிக்கு இது நான்காவது பயணம். விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, சூரிய உதயம் எல்லாம் பார்த்தாயிற்று. "இந்தத் தடவை வேற எங்கயாச்சும் கூட்டிட்டுப் போடா" என்றாள். காலையில் நாகர்கோவில் வடசேரியில் திருவனந்தபுரம் வண்டி ஏறினோம். எங்களைப் போன்ற மதுரைக்காரர்களுக்குத் தக்கலை என்பது திருவனந்தபுரம் போகும்போது சன்னலுக்கு வெளியே கடந்துபோகும் கடைத்தெரு. அதை ஒட்டிய பத்மநாபபுரம்தான் 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். படித்துத் தெரிந்துகொண்டதுதான், ஆனால் இறங்கி நடந்தபோதுதான் அது மனதில் ஏறியது.

முதலில் புலியூர்க்குறிச்சி. தக்கலைக்குச் சற்று முன்பு, சாலையோரமே உதயகிரிக் கோட்டை. சுமார் 90 ஏக்கரை வளைத்த கருங்கல் மதில். உள்ளே இப்போது வனத்துறையின் பூங்கா. பிள்ளைகள் மானைப் பார்க்க ஓடினார்கள். நாங்கள் மரங்களுக்கு நடுவே நடந்து, கூரை போய்விட்ட ஒரு பழைய தேவாலயத்துக்குள் போனோம். சுவர்கள் மட்டும் நிற்கின்றன. தரையில் கல்லறைகள். அதில் ஒன்று டச்சுக் கம்பெனிப் படையில் வந்த எஸ்தாக்கியூஸ் டிலனாய் என்ற ஐரோப்பியருடையது.

குளச்சல் இங்கிருந்து தொலைவில்லை. மிளகு வணிகத்துக்காகச் சண்டைக்கு வந்த டச்சுக் கம்பெனிப் படையை 1741இல் அங்கே திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. சிறைபட்டவர்களில் ஒருவர் டிலனாய். தோற்ற படையைச் சேர்ந்தவரைக் கொன்றுபோடாமல் தன் படைக்கே பயிற்சி கொடுக்கச் சொன்னார் ராஜா. அவரும் சம்மதித்தார். துப்பாக்கிப் பயிற்சி, கோட்டை வேலை, இந்தக் கோட்டைக்குள்ளேயே பீரங்கி வார்க்கும் பட்டறை என்று பிறகு அவர் வாழ்நாள் முழுவதும் இங்கேயே கழிந்தது. ஊர்க்காரர்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்றார்கள். 'கேப்டன்' கப்பித்தானாகி, பெரிய என்ற பொருளில் முன்னால் ஒரு 'வலிய'வும் சேர்ந்துகொண்டது.

கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. அதைப் பார்த்ததும் அம்மா குனிந்துவிட்டாள். எழுத்துகள் தேய்ந்திருந்தன. விரலால் தடவித் தடவிச் சில சொற்களைக் கூட்டிப் படித்தாள். லத்தீன் வாசகத்தின் பொருள் எனக்கு முன்பே தெரியும். "வழிப்போக்கனே, நில்" என்று தொடங்குகிறது அது. 37 ஆண்டுகள் அரசரிடம் உண்மையாகப் பணி செய்தவர், காயங்குளம் முதல் கொச்சி வரை அவருக்காக வென்றவர், 62 ஆண்டும் 5 மாதமும் வாழ்ந்து 1777 ஜூன் 1இல் இறந்தார் என்று போகிறது. பக்கத்திலேயே அவர் மனைவியும், களக்காட்டுச் சண்டையில் இளம் வயதில் இறந்த மகனும். எங்கோ ஐரோப்பாவில் பிறந்தவரின் பிள்ளை, நம் களக்காட்டில் செத்துப்போயிருக்கிறான். அம்மா அந்தக் கல்லருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இதையெல்லாம் பல பண்பாடுகள் கைகோத்துக்கொண்ட கதையாக மட்டும் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. இத்தனை வெற்றிகளைத் தேடித் தந்த டிலனாய், கிறிஸ்தவர் என்பதால் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போக முடியாமல் இந்தக் கோட்டையிலேயே இருந்தார் என்கிறார்கள். அவரிடமிருந்து பைபிளில் வரும் யோபுவின் கதையைக் கேட்டு மனம் மாறியவர் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, அரசாங்கப் பணியில் இருந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. சிறை, அடி, எருமை மேல் ஏற்றி ஊர்வலம், கடைசியில் 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. உடல் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது. 2022 மே 15ஆம் தேதி வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். குண்டு போட்டதும் திருவிதாங்கூர்ப் படைதான், டிலனாய் பயிற்சி கொடுத்த அதே படை. அந்தச் செய்தி கேட்டபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று கோட்டையை விட்டு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதிய இடைவேளைக்குக் கதவை மூடிவிட்டார்கள். சரி என்று தக்கலைக்குத் திரும்பிச் சாப்பிடப் போனோம். (திங்கட்கிழமை முழு விடுமுறை என்பதையும் போகிறவர்கள் நினைவில் வையுங்கள்.)

இலை போட்டதும் பரிமாறுகிறவர் கேட்டார்: "அம்மா, வெள்ளம் வேணுமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் வைகை கரை தாண்டுவது. அவர் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார். இங்கே தண்ணீர்தான் வெள்ளம். பேசுவதைப் 'பறைதல்' என்பார்கள். நாம் பழைய பாட்டில் மட்டும் வைத்திருக்கும் சொற்கள் இவர்கள் வாயில் அன்றாடம் புழங்குகின்றன. மலையாளம் கலந்த தமிழ் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சிவப்புச் சம்பா அரிசிச் சோறு, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய் அரைத்த மீன்கறி, புளிசேரி. முடிக்கும்போது விரல் நீளத்தில் ஒரு மட்டிப்பழம். அந்த வாசனை வேறு எந்த வாழைப்பழத்துக்கும் கிடையாது. அம்மா ஊருக்குக் கொண்டுபோக ஒரு சீப்பு வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு மேல் அரண்மனை. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் கையிலேயே தங்கிவிட்டது. தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசின் வீடு. உள்ளே அறைக்கு அறை நிற்கும் பணியாளர் பெண்கள் மலையாளத்தில் தொடங்கி, நம் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறுகிறார்கள்.

பெரும்பாலும் மரம்தான். சரிந்த ஓட்டுக்கூரை, தலை இடிக்கும் வாசற்படிகள், உள்ளே போகப் போகக் குளிர்ச்சி. முகப்புக் கூடமான பூமுகத்தின் மரக்கூரையில் 90 விதமான பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள் என்று பணியாளர் சொன்னார். நான் முப்பது வரை எண்ணினேன், கழுத்து வலித்தது. அதே கூடத்தில் சீன வணிகர்கள் கொடுத்த நாற்காலி. மேலே அரசரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலையின் சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ண அபிரகத் (மைக்கா) தகடுகள். வெளியே சுட்டெரிக்கிற வெயில் உள்ளே மங்கலாக, இதமாக விழுகிறது. அரசரின் மருந்துக்கட்டில் 64 மூலிகை மரத் துண்டுகளால் ஆனதாம், அதைக் கொடுத்தவர்கள் டச்சு வணிகர்களாம். ஒரு கையால் போர், இன்னொரு கையால் கட்டில்!

அம்மாவை எல்லாவற்றையும்விடப் பிடித்து நிறுத்தியது தரை. கருப்பாக, முகம் தெரியும் அளவுக்கு மினுமினுக்கும் தரை. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச் சாறு எல்லாம் சேர்த்துச் செய்தது என்றார்கள். அம்மாவைப் பெற்ற ஊர் காரைக்குடிப் பக்கம். அங்கே வீட்டுச் சுவருக்கு முட்டைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து பூசுவார்கள். "எங்க ஐயா வீட்டுச் சுவரை இங்க தரையில போட்டுருக்காங்கடா" என்றாள். எந்தப் புத்தகமும் எனக்கு இந்த ஊரை இத்தனை பக்கத்தில் கொண்டுவந்ததில்லை.

ஊட்டுப்புரை இரண்டு மாடி, ஒரு மாடிக்கு ஆயிரம் பேர் என இரண்டாயிரம் பேர் உட்காரலாம். பிராமணர்களுக்கு அன்னதானம் நடந்த இடம். கோட்டையில் பீரங்கி வார்த்தவருக்கு இங்கே இலை கிடையாது என்ற நினைப்பு வந்தது, சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன்.

நவராத்திரி மண்டபம் மட்டும் கருங்கல். அதை ஒட்டித் தேவாரக்கட்டு சரஸ்வதி சன்னிதி. கம்பர் பூசித்த விக்கிரகம் என்பது ஊரின் நம்பிக்கை. தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகு சரஸ்வதியும் ஆண்டுதோறும் அங்கே போய் வருகிறாள். நவராத்திரிக்கு முன்பு உப்பரிகை மாளிகையில் அரசரின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். பிறகு யானை மேல் சரஸ்வதியும், பல்லக்குகளில் வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் புறப்பட்டுக் களியக்காவிளையில் எல்லை தாண்டுவார்கள். இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செய்வார்கள். கம்பன் கும்பிட்ட தமிழ்ச் சரஸ்வதி, மலையாள ஊரில் ஒன்பது நாள் கொலுவிருந்துவிட்டுத் திரும்புகிறாள். அடுத்த புரட்டாசிக்கு வந்து இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அம்மா அங்கேயே முடிவுசெய்துவிட்டாள்.

சாயங்காலம் தக்கலை பீரப்பா தர்கா. தென்காசியில் பிறந்து இங்கே வந்து அடங்கிய பீர் முகம்மது அப்பா, தமிழில் ஞானப் பாடல்கள் பாடிய சூஃபி. நெசவு அவருடைய தொழில் என்கிறார்கள். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முற்றத்தின் ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பெரியவர். ரஜப் மாதம் 14ஆம் இரவு ஊரே கூடி, அப்பா பாடிய 'ஞானப்புகழ்ச்சி' பாடல்களை விடியும்வரை ஓதுவதைப் பற்றிச் சொன்னார். "சின்னப் பிள்ளையில எங்க வாப்பா மடியில கிடந்து கேட்டது மக்ளே" என்றவர், அப்படியே மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தார். நடுநடுவே அரபுச் சொற்கள் வந்தன, மீதியெல்லாம் நம் சித்தர் பாடல்களின் தமிழ், அதே நடை. அம்மா மார்கழியில் திருவாசகம் படிப்பவள். சில இடங்களில் அவர் அடியை முடிப்பதற்குள் அம்மாவின் தலை ஆடிவிட்டது.

தெருமுனையில் விளக்குகள் எரியத் தொடங்கின. நாகர்கோவில் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கைக்கடிகாரத்தைக் காட்டினேன். அம்மா மட்டிப்பழச் சீப்பிலிருந்து இரண்டைப் பிய்த்துப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"அடுத்த வண்டியில போலாம். ஐயா இன்னும் பாடி முடிக்கல."