லாரி மீனும் ஓடை மீனும்

மீன்வளத் துறையில் சேர்ந்த முதல் நான்கு வருடங்கள் எனக்கு லாரியில்தான் வேலை. வசந்தம் தொடங்கியதும் விடியற்காலையில் பண்ணைக்குப் போய், சிமெண்ட் தொட்டிகளில் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்துவிட்ட ரெயின்போ ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன்களை வலையால் அள்ளி ஏற்றி, ஆக்சிஜனைத் திறந்துவிட்டு, ஓடை ஓடையாகப் போய் இறக்குவோம். இறக்குவதற்கு முன் தொட்டித் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும், வித்தியாசம் அதிகம் என்றால் ஓடைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மீனைப் பழக்க வேண்டும். அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. லாரிக்குப் பின்னாலேயே தூண்டில்காரர்கள் கார்களில் வருவார்கள், குழந்தைகள் ஒரு வாளி மீனைத் தங்கள் கையால் விட வேண்டும் என்று கேட்பார்கள், நாங்கள் கொடுப்போம்.

வருடக் கடைசியில் அறிக்கை எழுதும்போது கேட்கப்படுவது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை மீன் விட்டீர்கள்? ஓடையில் எத்தனை மீன் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, அதைத்தான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஐந்தாவது வருடம் என்னைக் கணக்கெடுப்புக் குழுவுக்கு மாற்றினார்கள். முதுகில் பேட்டரிப் பெட்டி, கையில் நீளமான கம்பி, அதன் முனையில் வளையம். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் மீன் வளையத்தை நோக்கி இழுபட்டு வந்து மயங்கும், பின்னால் வருபவர் வலையில் எடுத்துக்கொள்வார். ஓடையின் ஒரு பகுதியை மேலும் கீழும் வலை கட்டி அடைத்துவிட்டு, ஒரு சுற்று பிடித்து எண்ணி, அந்த மீன்களைத் தனியாக வைத்துவிட்டு மறுபடி ஒரு சுற்று. முதல் சுற்றில் 60, இரண்டாவதில் 20 கிடைத்தால் அங்கே ஏறக்குறைய 90 மீன் இருந்திருக்கும் என்று கணக்குப் போடலாம். அளந்து, எடை போட்டு, வயது பார்க்க இரண்டு செதில் எடுத்துக்கொண்டு, தெளிந்ததும் திரும்ப விட்டுவிடுவோம்.

எங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது இவற்றுக்கு இரண்டே பெயர்தான், லாரி மீன், ஓடை மீன். கையில் எடுத்த உடனே தெரிந்துவிடும். லாரி மீனுக்குத் துடுப்புகள் சிமெண்டில் உரசித் தேய்ந்து கட்டையாக இருக்கும், நிறம் மங்கியிருக்கும். ஓடையிலேயே பிறந்த பழுப்பு ட்ரவுட்டின் துடுப்பு விசிறி மாதிரி விரியும், பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள்.

அந்தக் கோடையில் நாங்கள் பார்த்த ஓடையில், வண்டிப் பாதை ஒரு பாலத்தோடு முடிந்துவிடும். பாலத்துக்குக் கீழே வருடா வருடம் நானே மீன் விட்டிருக்கிறேன். மேலே லாரி போகாது, அதனால் ஒன்றும் விட்டதில்லை. கீழே கிடைத்தது கொஞ்சம் லாரி மீன், அதைவிடக் கொஞ்சம் ஓடை மீன். மேலே போனால் ஒவ்வொரு மடுவிலும் இரண்டு வயது, மூன்று வயது, விரல் நீளக் குஞ்சு என்று எல்லா வயதிலும் ஓடை மீன்! என்னால் நம்பவே முடியவில்லை. மேலே தண்ணீர் இன்னும் குளிர்ச்சி, ஆள் நடமாட்டமும் குறைவு, அதனால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று குழுவின் மூத்தவர் சொன்னார். சொல்லிவிட்டு மொன்டானாவைப் பற்றிப் படிக்கச் சொன்னார்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1960களின் கடைசியிலிருந்து டிக் வின்சென்ட் என்ற உயிரியலாளர் மாடிசன் ஆற்றிலும் அதன் அருகே ஓடும் ஓடெல் ஓடையிலும் ஒரு சோதனை செய்தார். ஆற்றின் ஒரு பகுதியில் காலங்காலமாக விட்டுவந்த பண்ணை மீனை நிறுத்தினார்கள். அதுவரை மீன் விடாத ஓடையில் புதிதாக விட்டுப் பார்த்தார்கள். நிறுத்திய இடத்தில் ஓடை மீன் பெருகியது, விட்ட இடத்தில் குறைந்தது. இரண்டு திசையிலும் ஒரே பதில் வந்ததுதான் இதன் பலம். தூண்டில்காரர்களும் கடைக்காரர்களும் கடுமையாக எதிர்த்தார்கள், ஆனாலும் 1974-ல் அந்த மாநிலம், ட்ரவுட் தானாகவே பெருகும் ஆறுகளிலும் ஓடைகளிலும் மீன் விடுவதை நிறுத்தியது.

ஏன் இப்படி ஆகிறது என்பது ஓடைக்குள் நின்று பார்த்தால்தான் புரிகிறது. ட்ரவுட்டுக்கு ஓடையில் ஒரு இடம் உண்டு. நீரோட்டத்தின் வேகம் மேலே படாமல் கல்லின் மறைவில் நிற்க வேண்டும், ஆனால் பூச்சி மிதந்து வரும் ஓட்டம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நல்ல இடம் பெரிய மீனுக்கு, அடுத்தது அடுத்ததற்கு. ஒருமுறை இது படிந்துவிட்டால் பெரிய சண்டை கிடையாது. அதற்குள் ஒரே நாளில் சில நூறு லாரி மீன்களைக் கொட்டினால், தொட்டியில் நெருக்கியடித்துத் தீவனம் தின்று வளர்ந்த அவற்றுக்கு இந்த ஒழுங்கு தெரியாது, முட்டி மோதி, துரத்தி, தாங்களும் களைத்து ஓடை மீனையும் களைக்க வைக்கும். அப்புறம் லாரியைப் பார்த்து வரும் கூட்டம் லாரி மீனை மட்டுமா பிடிக்கும்? நாங்கள் விட்டதில் பெரும்பகுதி சில வாரங்களில் பிடிபட்டோ செத்தோ போய்விடும், குளிர்காலத்தைத் தாண்டுவது மிகச் சொற்பம். கலந்து இனப்பெருக்கம் செய்தாலும் நல்லதில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஹூட் ஆற்றில், கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ வகையான ஸ்டீல்ஹெட் ட்ரவுட்டை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள், பண்ணையில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆற்றில் சந்ததி விடும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறதாம்.

சரி, நிறுத்திவிட வேண்டியதுதானே என்று கேட்டால், அது ஒரு கூட்டம் போட்டுச் சொல்லிவிடுகிற விஷயம் இல்லை. நாங்கள் கூட்டம் போட்டோம். ஒரு பெரியவர் எழுந்து, "என் பேரனுக்கு முதல் மீன் அந்தப் பாலத்தடியில்தான் கிடைத்தது, அவன் தம்பிக்கு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பேரன் பிடித்த மீனை நானே வாளியில் கொண்டுபோய் விட்டிருப்பேன். இந்தத் துறையில் சிலர் பிடித்துச் சாப்பிடுபவர்களைக் கீழாகப் பேசுவார்கள், எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. மீன் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைப்பது தவறே இல்லை.

கடைசியில் லாரியைத் திருப்பினோம். பக்கத்துக் குளத்துக்கும், கோடையில் 25 டிகிரியை நெருங்கி எந்த ட்ரவுட்டும் தாங்காத தாழ்வான ஓடைப் பகுதிக்கும் மீன் போனது. அங்கே வசந்தத்தில் விட்டதை வசந்தத்திலேயே பிடித்துக்கொள்ளலாம், கெடுவதற்கு ஓடை மீன் கிடையாது. பாலத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டரில் விடுவதை நிறுத்தினோம்.

முதல் வருடம் எண்ணிக்கை ஏறவே இல்லை. கிண்டல் செய்தார்கள், எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டாவது வருடம் குஞ்சுகள் தெரிந்தன. மூன்றாவது கோடையில் பாலத்துக்குக் கீழேயும் எல்லா வயது மீனும் இருந்தது, வலை பிடித்தவர் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல எழுதுகிறவருக்குக் கை ஓடவில்லை.

ஆனால் இன்னொரு ஓடையில் இதையே செய்து தோற்றோம். அங்கே லாரியை நிறுத்தியதும் ஓடை வெறுமையாகிவிட்டது. மாடுகள் கரையை மிதித்து மிதித்து வண்டல் சரளைக்குள் இறங்கியிருந்தது. பெண் ட்ரவுட் வாலால் சரளையைத் தோண்டி முட்டையிட்டு மூடும், அந்தக் கற்களின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஓடினால்தான் முட்டைக்குள் உயிர் நிற்கும். இடுக்கு அடைந்துவிட்டால் எத்தனை மீன் முட்டையிட்டும் பிரயோஜனம் இல்லை. இத்தனை வருடமும் நாங்கள் விட்ட மீன்தான் அந்த ஓடை செத்துக்கொண்டிருந்ததை எல்லோருடைய கண்ணிலிருந்தும் மறைத்திருக்கிறது, என் கண்ணிலிருந்தும். அப்புறம்தான் வேலி போட்டோம், கரையில் வில்லோ மரங்கள் நட்டோம். அது இன்னும் மெதுவாகத்தான் தேறி வருகிறது.

பழுப்பு ட்ரவுட்டே வட அமெரிக்காவுக்கு 1883-ல் ஜெர்மனியிலிருந்து முட்டையாக வந்ததுதானே, அதில் என்ன சொந்த மீன், என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஓடையில் பிறந்தது வேறு, அந்த மண்ணுக்கே உரியது வேறு. மண்ணுக்கே உரிய இனம் மிச்சமிருக்கும் ஓடையில் அதற்குத்தான் முதல் இடம் என்பது என் கருத்து, அங்கே பழுப்பு ட்ரவுட்டையே வெளியேற்ற வேண்டி வந்தாலும் சரி.

இப்போது இலையுதிர் காலத்தில் கரையோரமாக நடந்து முட்டைக் குழிகளை எண்ணுகிறோம். பழுப்பு ட்ரவுட் அந்தப் பருவத்தில்தான் முட்டையிடும். பாசி படிந்த கற்களுக்கு நடுவே புதிதாகப் புரட்டிய சரளை வெளிறித் தெரியும், ஒரு முழ அகலம், சில இடத்தில் அதைவிடப் பெரிது. பாலத்துக்குச் சற்றுக் கீழே சாலைக்கு அடியில் ஒரு குழாய் இருக்கிறது, அதன் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கி நிற்பதால் கீழிருந்து வரும் மீன் ஏற முடியாமல் அங்கேயே சுற்றுகிறது. அதை மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன். போன இலையுதிர் காலத்தில் குழாயின் காலடியில் மட்டும் பதினொரு குழிகள், ஒன்றின் மேல் ஒன்றாக.