கரடிக்கு ஆப்பிள் பார்டர்

கோத்தகிரியில் கரடி வருவது பெரிய செய்தி கிடையாது. பேரிக்காய் பழுத்தால் வரும். பலா பழுத்தால் வரும். பழமே இல்லாவிட்டால் கோயில் விளக்கு எண்ணெயைக் குடிக்க வரும். போன மே மாதம் அந்தக் கரடியைவிட அதிகமாகப் பேசப்பட்டது எங்கள் தெருவில் ஒட்டிய நோட்டீஸ்தான்.

நான் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். மகள் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து சார் வேர்டில், அதாவது டைப் அடிக்கிற மென்பொருளில், இறங்கிவிட்டார். வீட்டுப் பால் கணக்குக்குக்கூடத் தலைப்பு, எழுத்தை வளைத்துக் கலர் அடிக்கிற வேர்ட் ஆர்ட்டில்தான் இருக்கும்.

"தம்பி, எல்லாம் நானே முடிச்சிட்டேன். நீ கலர் பிரிண்ட் மட்டும் குடு, போதும்" என்று பென்டிரைவை நீட்டினார். எல்லாம் முடிந்தது என்று வருகிற ஃபைல்தான் மத்தியானம் வரை முடியாது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

திறந்தால் தமிழே இல்லை. சார் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். என் கம்ப்யூட்டருக்கு அப்போதுதான் விண்டோஸ் புதிதாகப் போட்டிருந்ததால் பாமினி இன்னும் ஏறவில்லை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கம்ப்யூட்டருக்கு அது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். எழுத்துரு இருந்தால்தான் அது தமிழ் வேஷம் கட்டும். சரி, தேடிப் பிடித்து ஏற்றினேன்.

ஏற்றாமலே இருந்திருக்கலாம் என்று அப்புறம் தோன்றியது. 'கரடி நடமாட்டம்' என்ற தலைப்பு வானவில் நிறத்தில், நிழலோடு, அலை மாதிரி வளைந்து ஆடிக்கொண்டிருந்தது. இடது ஓரத்தில் 'எச்சரிக்கை' என்பதை மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தார். பாமினியில் புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்தாயிற்றே? ஆறு எழுத்துச் சொல் பத்துத் துண்டாகிப் புள்ளி ஒரு வரியில் அநாதையாக நின்றது. பக்கத்தைச் சுற்றி பார்டர். பேஜ் பார்டரில் ஆர்ட் என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, கேக், பலூன், ஐஸ்கிரீம் எல்லாம் வருமே, அதில் சார் தேர்ந்தெடுத்தது ஆப்பிள்.

"சார், கரடியை வராதேன்னு சொல்ற நோட்டீஸ்ல பழமா?"

"மலைன்னா பழம் இருக்கணும்ல தம்பி."

நடுவில் ஒரு கார்ட்டூன் கரடி, இரண்டு கையையும் விரித்துச் சிரித்துக்கொண்டு. படத்தை எழுத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். கரும்பழுப்பு வயிற்றின் மேல் கருநீலத்தில் எழுத்து. திரையில் ஓரளவு படிக்க முடிந்தது. திரை தானே வெளிச்சம் விடுகிறது, காகிதம் விடாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அடுத்த பஞ்சாயத்து பேப்பர் சைஸ். அவர் லேப்டாப்பில் லெட்டர் சைஸ் இருந்தது, 8.5க்கு 11 அங்குலம். என் கடையில் ஏ4, 210க்கு 297 மில்லிமீட்டர். ஏ4 உயரத்தில் 18 மில்லிமீட்டர் கூடுதல், அகலத்தில் 6 மில்லிமீட்டர் குறைவு. குறைகிற அந்த 6 போதும் கெடுக்க. சார் எந்த வரியையும் சென்டர் பட்டன் போட்டு நடுவில் வைக்கவில்லை, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தள்ளியிருக்கிறார். கன்ட்ரோல், ஷிப்ட், எட்டு மூன்றையும் சேர்த்து அழுத்தி மறைந்திருக்கும் குறிகளைக் காட்டச் சொன்னேன். சாமையைக் கொட்டியது போல் பக்கம் முழுக்கப் புள்ளி.

ஏ4க்கு மாற்றியதும் ஒவ்வொரு வரியும் உடைந்து இரண்டானது. கரடியைக் காணோம். படம் ஏதாவது ஒரு பத்தியோடு நங்கூரம் போட்டிருக்கும், அந்தப் பத்தி நகர்ந்தால் கூடவே போகும். இரண்டாம் பக்கத்தில் தனியாக நின்று கையை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அது அப்படித்தான் தம்பி" என்றார் சார். "நேத்து ராத்திரி எங்க வீட்டுப் பேரிக்கா மரத்துல இருந்துச்சு. விடிஞ்சு பார்த்தா பக்கத்து வீட்ல."

ஸ்பேஸை எல்லாம் அழித்து, கரடியை முதல் பக்கத்துக்கு ஓட்டி வந்து பிரிண்ட் கொடுத்தால் பேப்பர் சிக்கியது. அன்றைக்குக் காலையிலிருந்து மூடுபனி கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. ஈரம் ஏறிய தாள் சுருண்டுகொள்ளும், ரோலர் ஒழுங்காகப் பிடிக்காது. புதுக் கட்டைப் பிரித்தேன். இப்போது கீழ் வரிசை ஆப்பிள்கள் பாதிப் பாதியாக வந்தன. பேஜ் பார்டர் சாதாரணமாகத் தாளின் விளிம்பிலிருந்து 24 பாயிண்ட், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிற்கும். என் இங்க்ஜெட் அடிப்பக்கத்தில் அதைவிட அதிக இடம் விட்டுவிடும். விளிம்பிலிருந்து அளக்காமல் எழுத்திலிருந்து அளக்கும்படி மாற்றியதும் ஆப்பிள்கள் முழுசாக வந்தன. சாருக்கு அதில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

தெருமுனை, டீக்கடை, கோயில் சுவர் எங்கும் ஒட்டினார்கள்.

மே மாதம் இங்கே சீசன். குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, இங்கே நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி. அன்று சாயங்காலம் டீக்கடை முன்னால் ஒரு கார் நின்றது. கோயம்புத்தூர்க் குடும்பம், பின் சீட்டில் குழந்தைகள்.

"அண்ணா, இந்தக் கரடி ஷோ எங்க நடக்குது? டிக்கெட் எவ்வளவு?"

டீக்கடைக்காரருக்குப் புரியவில்லை. அவர்கள் நோட்டீஸைக் காட்டினார்கள். 'மாலை 6 மணிக்கு மேல் தனியாக நடமாட வேண்டாம்' என்ற வரியில் பின்பாதி கரடி வயிற்றுக்குள் போய்விட்டது. வனத்துறை நம்பரும் அங்கேதான் எங்கேயோ இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது வானவில் தலைப்பு, ஆப்பிள், சிரிக்கிற கரடி, 'மாலை 6 மணிக்கு மேல்'. மணி அப்போது ஐந்தே முக்கால். குழந்தைகள் இறங்கியே விட்டார்கள்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே சார் வாசலில் நின்றார். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் தமிழாகவே இருக்கும் யூனிகோடில் நானே அடித்தேன். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, தலைப்பு பெரிதாக, வனத்துறை நம்பர் அதைவிடப் பெரிதாக. பார்டர் இல்லை, படம் இல்லை. சார் வாங்கி நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கே தம்பி."

"கரடிகிட்ட மாட்டினா அதுவும் அடிக்கணும் சார்."

பேசாமல் பணத்தைக் கொடுத்தார். படி இறங்கியவர் திரும்பி வந்தார்.

"அந்தக் கலர் ஃபைலை அழிச்சிடாத. அடுத்த மாசம் பேரனுக்குப் பொறந்தநாள். தலைப்பை மட்டும் மாத்திக்கலாம், கரடி இருக்கட்டும். மணி ஆறுதான், அதையும் மாத்த வேண்டாம்."